கல்லறையும் காலைப்பொழுதும்

துன்பம் வேறு, நிராசை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவோர் பலர். துன்பமுற்றவன் அழுகிறான், அழுகையினிடையே யாரையேனும் கூப்பிடுகிறான். நிராசையுற்றவனோ கூப்பிடுவதை நிறுத்திவிடுகிறான். கேட்பார் எவருமிலர், கேட்டாலும் ஆவதொன்றில்லை என்ற முடிவுக்கு அவன் வந்துவிடுகிறான். வெளியேயிருந்து பார்ப்பவர்க்கு அவன் அமைதியாயிருப்பது போலத் தோன்றும். வீட்டிலே பெற்றோரும் வகுப்பிலே ஆசிரியரும் அஞ்சவேண்டியது பிள்ளைகளின் கண்ணீரைப் பார்த்தன்று. இந்த அமைதியைப் பார்த்தேயாகும். பரீட்சையில் தவறிய மாணவன், பிள்ளையைப் பறிகொடுத்த தாய், தொழிலிழந்த தந்தை ஆகிய யாவரும் இந்த வாசலில் ஒரு நாளேனும் நின்றவர்களே.

கிறிஸ்தவ மக்கள் உயிர்த்த ஞாயிறு எனக் கொண்டாடும் திருநாள் இந்த வாசலில் நிற்போரை நோக்கிப் பேசுவது. நாம் சைவ மரபிலே பிறந்து வளர்ந்தவர். எனினும், அயலவர் வீட்டுத் திண்ணையில் ஏற்றிய விளக்கு எம் முற்றத்துக்கும் வெளிச்சம் தருமன்றோ? ஆதலின் அத்திருநாள் துயருற்ற மனிதருக்கு என்ன சொல்லுகின்றதென்பதை இவ்வாரம் ஆராயப் புகுகின்றோம்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்குதல் நன்று. இலையுதிர்ந்த மரம் மீண்டும் தளிர்க்கிறது, இரவு போய்ப் பகல் வருகிறது, அதுபோன்றதே உயிர்ப்பும் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். கிறிஸ்தவர் சொல்வது அதுவன்று. சிலுவையில் அறையுண்டு இறந்து, அடக்கம் செய்யப்பட்ட இயேசு மூன்றாம் நாள் மெய்யாகவே எழுந்தார் என்பது அவர்தம் விசுவாசம். அது நிகழவில்லையென்றால் தாம் போதிப்பதெல்லாம் வீண் என்று கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய நிருபத்திலே பவுல் தயங்காது கூறுகிறார். எம் மரபிலோ ஆன்மா உடலை நீத்து வினைக்கேற்பப் பிறந்து, இறுதியில் இறைவன் திருவடியை அடையும் என்பது கொள்கை. இரண்டும் ஒன்றே எனக் கூறி மழுப்புவது இரு மரபுக்கும் மரியாதை செய்வதாகாது. வேறுபாட்டை அறிந்துகொண்டு, அதன்பின் காது கொடுத்துக் கேட்பதே அயலவர்க்கு அழகு.

அக்கதையின் முன்பகுதி கடுமையானது. சிலுவை என்பது உரோமர் ஆட்சியில் அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் விதிக்கப்பட்ட தண்டனை. உடல் நோவோடு ஊரறிந்த அவமானமும் அதிற் சேர்ந்திருந்தது. பொந்தியு பிலாத்து யூதேயாவை ஆண்ட காலத்திலே, ஏறக்குறைய கி.பி. 30ஆம் ஆண்டளவில், இயேசு அத்தண்டனைக்கு உள்ளானார். உடனிருந்த சீடருட் பலர் ஓடிவிட்டனர். உயிரையும் கொடுப்பேன் என்ற பேதுரு, குளிர்காய மூட்டிய கரிநெருப்பருகே நின்று, அவரைத் தமக்குத் தெரியாதென்று மும்முறை சொன்னார். வெள்ளிக்கிழமை மாலையில் கல்லறையின் வாயிலைக் கல் மூடிற்று.

அடுத்து வந்தது சனிக்கிழமை. அந்த ஓய்வுநாளைப் பற்றி நற்செய்தி நூல்கள் ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை. வெள்ளியின் கொடுமையை விரித்துரைத்தவரும் ஞாயிறின் வியப்பை விரித்துரைத்தவரும் சனியைக் கடந்துபோய்விடுகின்றனர். ஆனால் துயருற்ற குடும்பங்களிலே மிகப் பெரும்பாலான நாட்கள் அந்தச் சனிக்கிழமையைப் போன்றவையே. சாவீட்டுக்கு வந்த உறவினர் திரும்பிவிட்டார்கள், பந்தலும் கழற்றியாயிற்று, அடுப்பை மூட்ட வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். ஒன்றும் நிகழாத அந்நாளையும் கதைக்குள்ளே வைத்திருப்பது இத்திருநாளின் நேர்மை என்போம். துயரிலிருந்து மகிழ்ச்சிக்கு ஒரே தாவலில் போய்விடலாமென்று அது எவருக்கும் வாக்களிக்கவில்லை.

ஞாயிறு அதிகாலையிலும் முரசொலி எழவில்லை. நறுமணப் பொருள்களோடு சென்ற பெண்கள் கல் புரண்டு கிடக்கக் கண்டனர். மாற்கு எழுதிய நூலின் மிகப் பழைய பிரதிகள், அப்பெண்கள் அஞ்சி நடுங்கி ஓடி, எவரிடமும் ஒன்றும் சொல்லாதிருந்தார்கள் என்ற இடத்தோடு முடிந்துவிடுகின்றன. நல்ல செய்தியைக் கேட்டவருக்கு முதலில் வந்தது அச்சமே. நெடுங்காலம் நோயுற்றிருந்தவனிடம் உனக்குக் குணமாகிவிட்டது என்றால் அவன் உடனே நம்புவதில்லை. மீண்டும் ஏமாறுவோமோ என்று அவன் உள்ளம் பின்வாங்கும். மனித இயல்பை அறிந்தவர் எழுதிய வரலாறு அது.

யோவானின் நூலிலே மகதலா மரியாள் கல்லறையருகே நின்று அழுகிறாள். பின்னே நிற்பவர் யாரெனத் திரும்பிப் பார்த்தும் அறிந்திலள். தோட்டக்காரன் என்றே எண்ணுகிறாள். விளக்கவுரை எதுவும் அவளுக்குத் தரப்படவில்லை. அவர் அவளுடைய பெயரைச் சொல்லி அழைக்கிறார், அவ்வளவே. அக்கணத்தில் அவளுக்குப் புலனாகின்றது. நிராசையுற்ற ஒருவரை மீட்கும் முதற் கருவி பல வேளைகளில் அவரது பெயராகவே இருத்தலை ஆசிரியர் எல்லோரும் அறிவர். பின்வாங்கில் தலைகவிழ்ந்திருக்கும் மாணவனுக்கு நூறு புத்திமதி சொல்லியும் நிகழாதது, அவன் பெயரைச் சொல்லி அழைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டபோது நிகழ்ந்துவிடுவதுண்டு.

லூக்கா கூறும் எம்மாவு நிகழ்ச்சி இன்னும் ஆழமானது. எருசலேமிலிருந்து ஏறக்குறைய ஏழு கல் தொலைவிலுள்ள அவ்வூருக்கு இருவர் நடந்து செல்கின்றனர். ஒருவன் பெயர் கிலெயோப்பா. மற்றவர் பெயர் சொல்லப்படவில்லை. வழியிலே மூன்றாமவர் ஒருவர் சேர்ந்து நடந்து, எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என வினவுகிறார். தாம் நம்பியிருந்ததாக அவர்கள் இறந்தகாலத்தில் விடை சொல்கின்றனர். இலக்கணம் படிக்கும் மாணவர் அவ்வினைமுற்றின் காலத்தைக் கவனித்தல் வேண்டும். நம்பிக்கை இறந்தகாலத்துக்குப் போய்விடுவதற்கே நிராசை என்று பெயர். உடன் நடந்தவர் அவர்களை இடைமறித்துக் கடிந்துகொள்ளுமுன், முழுக்கதையையும் சொல்ல விடுகிறார். மாலையானதும் அவர்கள் வேண்டிக்கொள்ள வீட்டினுள் சென்று, அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுக்கிறார். அப்பொழுதே அவர் யாரென அறிகின்றனர்; அறிந்ததும் அவர் மறைந்துபோகிறார்.

அதன்பின் அவ்விருவரும் செய்ததைப் பலர் கவனிப்பதில்லை. இரவாயிற்றே, நாளை போகலாம் என்று அவர்கள் இருக்கவில்லை. அந்த வேளையிலேயே எழுந்து, வந்த ஏழு கல்லையும் திரும்ப நடந்து, எருசலேமுக்குப் போகின்றனர். அச்சத்தோடு விட்டு வந்த ஊர் அது, அவ்வூரில் ஆபத்து எதுவும் நீங்கிவிடவில்லை, ஆட்சியாளரும் மாறவில்லை. மாறியவர் அவர்கள் மட்டுமே. நம்பிக்கை வந்ததற்கு அடையாளம் முகத்திலே தோன்றும் புன்முறுவலன்று. விட்டோடிய இடத்துக்குத் திரும்பி நடக்கும் கால்களே.

இனி, இவ்வுயிர்ப்பைத் தூரிகையாற் சொன்ன ஓர் ஓவியனிடம் செல்வோம். இன்று பிரான்ஸ் நாட்டிலுள்ள அல்சாஸ் மாகாணத்திலே, கொல்மார் நகருக்குத் தெற்கே ஈசன்ஹைம் என்னும் சிற்றூர் உண்டு. எகிப்தின் பாலைவனத் துறவியாகிய புனித அந்தோனியாரின் பெயரால் அமைந்த சபையார் அங்கே ஒரு மடமும் ஆதுலர்சாலையும் நடத்தினர். அந்தோனியாரின் தீ என்று அக்காலத்தார் அழைத்த கொடிய நோயாளரைப் பேணுவது அச்சபையாரின் சிறப்புப் பணி. ரை என்னும் தானியத்தில் பற்றும் ஒருவகைப் பூஞ்சணத்தின் நஞ்சால் அந்நோய் உண்டாவதென்பது பின்னாளில் அறியப்பட்டது. அக்காலத்தில் ஏழைகள் தாம் உண்ட ரொட்டியே தம்மை எரிப்பதை அறியாது உண்டனர். கைகால்கள் தீப்பட்டாற்போல் எரிந்து, கறுத்து, அழுகி விழும். சிலருக்கு அவயவங்களை அறுத்தெடுக்க நேரிடும்.

அந்த மடத்தின் ஆலயத்துக்காக மதியாஸ் குரூனவால்ட் என்னும் ஜெர்மானிய ஓவியர் 1512ஆம் ஆண்டு முதல் 1516ஆம் ஆண்டு வரையான காலத்தில் ஒரு பலிபீட ஓவியத்தைத் தீட்டினார். கதவுகள்போல் மடித்துத் திறக்கக்கூடிய பலகைகள் அவை. மூடியிருக்கும்போது தெரிவது சிலுவைக் காட்சி. கிறிஸ்துவின் மேனி பசுமை படர்ந்து, முட்கள் தைத்து, புண்களால் நிறைந்திருக்கிறது. விரல்கள் வேதனையில் விரிந்து முறுகியிருக்கின்றன. ஒருபுறத்துப் பலகையில் அம்பு பாய்ந்த புனித செபஸ்தியாரும், மறுபுறத்தில் புனித அந்தோனியாரும் நிற்கின்றனர். மடத்துக்கு வந்த நோயாளரை இப்படத்தின் முன் கொண்டுவந்து விடுவது வழக்கமாயிருந்தது என்பர். அழகிய உடலொன்றைக் கண்டிருந்தால் அவர்கள் தம் உடலை நினைந்து வெட்கியிருப்பர். அங்கே கண்டதோ தம்மைப் போலவே புண்பட்ட ஓர் உடலை. இவர் எம்மவர் என்ற எண்ணம் அவர்கட்கு எழுந்திருக்கும்.

திருநாட்களில் அக்கதவுகள் திறக்கப்படும். அப்பொழுது வலப்புறத்தே உயிர்ப்பின் காட்சி தோன்றும். விண்மீன் பூத்த நள்ளிரவு. பெரிய ஒளிவட்டம் ஒன்று நடுவே மஞ்சளாயும் ஓரத்தே நீலமாயும் சுடர்கிறது. அதனுள்ளே கிறிஸ்து இரு கைகளையும் உயர்த்தி எழுகிறார். காவற்சேவகர் நிலைகுலைந்து வீழ்ந்துகிடக்கின்றனர். மேனியிலிருந்த புண்களெல்லாம் மறைந்துவிட்டன. ஆனால் ஆணி பாய்ந்த தழும்புகளை ஓவியர் அழிக்கவில்லை. அவை சிவந்து, ஒளி வீசி, உயர்த்திய உள்ளங்கைகளில் எல்லோர்க்கும் தெரிய நிற்கின்றன. குணமாதல் வேறு, நிகழாதது போலாக்குதல் வேறு என்பதை அந்த ஓவியர் நன்கறிந்திருந்தார்.

மடத்தார் நோயாளருக்கு ஓவியத்தைக் காட்டியதோடு நின்றுவிட்டாரல்லர். நல்ல ரொட்டியை ஊட்டினர், மூலிகை மருந்து பூசினர், நடக்கமாட்டாதவரைத் தாங்கினர். நஞ்சில்லாத உணவே பலருக்கு உண்மையான மருந்தாயிற்று என்பதை இன்று நாம் அறிவோம். நம்பிக்கையை ஓவியம் காட்டிற்று. நம்பிக்கை வரும்வரை உயிரை ரொட்டி தாங்கிற்று. அப்பமில்லாத ஆறுதலும், ஆறுதலில்லாத அப்பமும் அரைப் பங்கு மருந்துகளே.

முதலாம் உலகப் போரின்போது, 1917ஆம் ஆண்டில், அவ்வோவியம் மியூனிக் நகருக்குக் கொண்டுபோகப்பட்டது. போர் முடிந்து, தோல்வியும் பஞ்சமும் சூழ்ந்த நாட்களில் அது அங்கே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது, மக்கள் திரள்திரளாகச் சென்று அதன் முன் நின்றனர். 1919இல் அது கொல்மாருக்குத் திரும்பிற்று. இன்றும் அந்நகரின் உன்டர்லிண்டன் நூதனசாலையில் அதனைக் காணலாம். நானூறு ஆண்டுகளுக்கு முன் நோயாளருக்காகத் தீட்டியதொன்று, வேறொரு நோயால் வருந்திய மக்களுக்கும் பேசிற்று.

எம் நாட்டவர்க்கு இவையெல்லாம் தொலைதூரக் கதையல்ல. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையிலேயே, கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பில் மாண்டவருட் பலர், ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே வந்திருந்த சிறுவர். ஈசன்ஹைம் ஓவியத்தின் இருபுறமும் நின்ற புனிதர்களின் பெயர்களையே கொழும்பிலும் நீர்கொழும்பிலும் தாக்குண்ட இரு ஆலயங்களும் தாங்கியிருந்தன. கொச்சிக்கடையார் போற்றும் அந்தோனியார் பதுவை நகரத்தவர், எகிப்தியத் துறவியல்லர். ஆயினும் அவ்வொற்றுமை நெஞ்சைத் தொடுகிறது. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றும் சைவக் குடும்பங்கள் பல உள. ஆகையால் அந்தத் துயர் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதாய் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஆலயங்கள் அடைபட்டுக் கிடந்தன. மக்கள் தத்தம் வீட்டிலிருந்து தொலைக்காட்சியிலே பூசை கண்டனர். முதலாவது உயிர்த்த ஞாயிறிலும், அதற்கடுத்த வாரத்திலும், சீடர்கள் அச்சத்தாற் கதவடைத்து உள்ளே இருந்தார்கள் என்றே யோவான் எழுதுகிறார். பூட்டிய கதவு விசுவாசக் குறைவுக்கு அடையாளமன்று என்பதை அவ்வாரத்தில் பலர் உணர்ந்திருப்பர். கட்டுவாப்பிட்டியில் உயிர்த்த கிறிஸ்துவின் சொரூபத்தின்மீது, அங்கே வழிபட வந்தவர்களின் இரத்தம் தெறித்திருந்த படத்தை உலகமே கண்டது. குரூனவால்ட் தழும்புகளை அழிக்காது விட்டதன் பொருள் அந்தப் படத்திலே எமக்கு விளங்கிற்று. உயிர்த்தவரின் மேனியிலே மீண்டும் மனிதரின் காயம்!

அந்நாட்களிலே வேறொன்றையும் கண்டோம். குண்டு வெடித்த சில மணி நேரத்துள் இரத்ததானம் செய்யச் சனங்கள் வரிசையில் நின்றனர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதம் அவ்வரிசையில் இருக்கவில்லை. சிதைந்த கொச்சிக்கடைத் திருத்தலம் செப்பனிடப்பட்டு, அவ்வாண்டு ஜூன் 12ஆந் திகதி, அதன் பெருவிழாவுக்கு முதல் நாள், மீண்டும் அபிஷேகம் செய்யப்பட்டுத் திறக்கப்பட்டது. மக்கள் அதே வாயிலால் உள்ளே சென்றனர். எம்மாவிலிருந்து இரவோடிரவாகத் திரும்பி நடந்த இருவரையும் அவர்களோடு சேர்த்து எண்ணலாம்.

இங்கே ஒரு கேள்வி எழும். நம்பிக்கை கொள்வதென்றால் நடந்ததை மறந்துவிட வேண்டுமா? நீதி கேட்பவர் நம்பிக்கையற்றவரா? இதற்கு விடை தோமாவின் கதையில் இருக்கிறது. காயத்தைக் கண்டு தொட்டாலன்றி நம்பேன் என்றார் அவர். அவரைச் சந்தேகக்காரர் எனப் பலர் இகழ்வதுண்டு. ஆனால் உயிர்த்தவர் அவரை விலக்கவில்லை. கையை நீட்டித் தொட்டுப்பார் என்று அழைத்துக் காயத்தையே காட்டினார். உண்மையைக் காணவேண்டும் என்ற வேட்கை நம்பிக்கைக்குப் பகையன்று. 2019ஆம் ஆண்டில் அன்பரை இழந்த குடும்பத்தார் உண்மையை அறியவேண்டுமென்று ஆண்டுதோறும் கேட்டுவந்தனர். 2023ஆம் ஆண்டு ஜனவரியில் எமது உயர் நீதிமன்றம், எச்சரிக்கை கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறிய உயர் பதவியாளர்கள் இழப்பீடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. இறந்தவர் அதனால் மீளார். ஆயினும் கேட்டுக்கொண்டேயிருந்தவர்கள் நிராசையுற்றவர்களல்லர். நிராசை கேட்பதை நிறுத்திவிடும் என்றன்றோ தொடக்கத்திலே சொன்னோம்?

இனி, குடும்பத்திலே இதனை எவ்வாறு கைக்கொள்வது? துயருற்றவரைக் காணும்போது, எல்லாம் நன்மைக்கே என்று அவசரப்பட்டுச் சொல்லாதிருப்போம். அது சனிக்கிழமையிலே நிற்பவனிடம் ஞாயிறு வந்துவிட்டதெனச் சாதிப்பதாகும். அவருடன் சிறிது தூரம் நடப்போம்; அவர் கதையை முழுவதும் சொல்ல விடுவோம்; அவர் பெயரைச் சொல்லி அழைப்போம்; ஒரு கவளம் சோற்றைப் பகிர்ந்துகொள்வோம். உயிர்த்தவர் கரையிலே கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, இரவெல்லாம் வலைவீசிக் களைத்த சீடரைச் சாப்பிட வரும்படி அழைத்தார் என்று யோவான் முடிக்கிறார். மறுதலித்த பேதுருவுக்கும் அங்கே இடமிருந்தது. முன்பு ஒரு கரிநெருப்பருகே மும்முறை மறுத்தவர், இந்நெருப்பருகே மும்முறை தம் அன்பைச் சொல்லும் வாய்ப்பைப் பெற்றார்.

மாணவர்களுக்கு ஒரு சொல். பரீட்சைப் பெறுபேறு வந்த நாளிலே உலகமே மூடிக்கொண்டதாகத் தோன்றலாம். அந்த நாளில் உங்கள் வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்துவிடாதீர்கள். கல்லறை மூடப்பட்ட வெள்ளி மாலையிலே எவரேனும் அக்கதையை எழுதி முடித்திருந்தால், தோல்வியுற்ற ஓர் ஆசிரியரின் வரலாறாகவே அது நின்றிருக்கும். துயர் மிகும்போது தனித்திராது தாயிடமோ, தந்தையிடமோ, ஆசிரியரிடமோ, தோழரிடமோ வாய்திறந்து சொல்லுங்கள். எம்மாவு வழியிலே அவர்கள் இருவராய் நடந்தனர். தம் மனச்சுமையைச் சொன்னதனாலேயே மூன்றாமவர் அப்பேச்சிற் கலந்துகொண்டார்.

உயிர்ப்பை விசுவசிப்போர்க்கு அது மரணத்தையே வென்ற வெற்றி. அவ்விசுவாசத்தின் வாயிலில் நின்று நோக்கும் எம்போன்றோர்க்கும் அது ஒன்றை உறுதியாகச் சொல்லுகிறது. காயம் மாறாதிருக்கலாம், காயமே கடைசிச் சொல்லாக இருக்கவேண்டியதில்லை. இவ்வாண்டு உயிர்த்த ஞாயிறன்று அயல் வீட்டார் பலகாரத் தட்டோடு உங்கள் படலையைத் திறந்து வரக்கூடும். தட்டை வாங்கும்போது அவர்கள் வீட்டிலே துயர் ஏதேனும் உண்டோவென்று மெல்ல விசாரியுங்கள். உங்கள் வீட்டுத் துயரையும் மறைக்காது சொல்லுங்கள். இருவர் சேர்ந்து நடக்கும் வழியில் மூன்றாவது காலடியோசை கேட்கும் என்பது அத்திருநாளின் வாக்குறுதி.